குழாய்க்குள் ஒரு கடல்

பழைய வீடு ஒன்றை உடையவராயிருப்பது எத்தகைய பாக்கியம் என்பதை, அப்படிப்பட்ட வீடு இல்லாதவர்கள் சொல்லித்தான் கேட்க வேண்டும். "ஆகா! அந்தக் காலத்துச் சுவர் அல்லவா? ஒரு முழக் கனம்! சித்திரை மாதத்தில்கூட உள்ளே குளுகுளுவென்று இருக்கிறதே!" என்று அவர்கள் கூடத்துத் தூணைத் தட்டிக் கொடுக்கிறார்கள்; ஒரு தம்ளர் காப்பி சாப்பிடுகிறார்கள்; பிறகு தங்கள் புது வீடுகளுக்குத் திரும்பிப் போய்விடுகிறார்கள். அந்தச் சுவரோடும் தூணோடும் கூடவே இருந்து, அவற்றின் நோய் நொடிகளைக் கவனிக்கும் பொறுப்பு மட்டும் வீட்டுக்காரருக்கு மிஞ்சுகிறது.

மனிதருக்கு வயதானால் முதலில் மூட்டில் வலி காண்கிறது. வீட்டுக்கு வயதானால் முதலில் குழாயில் கோளாறு காண்கிறது. இரண்டுக்கும் பெரிய ஒற்றுமை ஒன்று உண்டு. கோளாறு வெளியே தெரிகிற இடம் ஒன்று. அதன் வேர் இருக்கிற இடம் வேறொன்று. ஆகையால் இரண்டுக்குமே, கையில் சுத்தியலோடு வருகிறவரைக் காட்டிலும் காதைத் தீட்டிக்கொண்டு வருகிற வைத்தியரே வேண்டியிருக்கிறது.

நம்முடைய வீடு அரியலூரில் இருக்கிறது. பாட்டனார் சுண்ணாம்புக் காரையில் கட்டியது. நமக்கு உத்தியோகமோ பெரம்பலூரில், ஒரு பள்ளிக்கூடத்தில். இடையில் உள்ள முப்பது கிலோமீட்டர் சொச்சத்தையும் நாள்தோறும் பஸ்ஸில் கடந்து வருகிறோம். "பெரம்பலூரிலேயே குடியிருந்தால் என்ன?" என்று கேட்கும் நண்பர்களுக்கு நாம் சொல்லும் பதில் ஒன்றுதான்: அம்மா வரமாட்டார். கல்யாணமாகி அந்த வீட்டு வாசற்படியை மிதித்த நாளிலிருந்து, பிரசவத்துக்கும் துக்கத்துக்கும் தவிர அவர் வேறு எந்த வீட்டிலும் தொடர்ந்தாற்போல் பத்து நாள் தங்கியதில்லை.

சென்ற வருஷக் கோடையில் வீட்டில் மூன்று அறிகுறிகள் தென்பட்டன. சமையலறைக் குழாயில் தண்ணீர் நூல் பிடித்தாற்போல் வரத் தொடங்கியது. இரவில் நிரப்பி வைத்த மேல்தொட்டி, காலையில் கால் பங்கு குறைந்திருந்தது. சாமான் அறைச் சுவரில் ஓர் ஈரத் திட்டு தோன்றி, முதல் வாரம் உள்ளங்கை அளவும் இரண்டாவது வாரம் முறத்தின் அளவும் ஆயிற்று. குடிப்பதற்கு நகராட்சியின் தண்ணீர், மற்றவற்றுக்கு வீட்டு ஆழ்குழாய்க் கிணறு என்று கணக்குப் பண்ணிச் செலவழிக்கிற ஊரில், கால் தொட்டித் தண்ணீர் ராத்திரியோடு ராத்திரியாக மாயமாவது சாமானிய விஷயமா? ஒரு விநாடிக்கு ஒரு சொட்டு ஒழுகினால்கூட ஒரு நாளில் நாலு லிட்டருக்கு மேல் போய்விடும். நம் வீட்டில் ஒழுகியதோ, சொட்டுக் கணக்கு அல்ல, குடக் கணக்கு.

நோய் என்றால் வைத்தியம் சொல்ல நாலு பேர் வருவது உலக வழக்கம். அடுத்த வீட்டுக்காரர், குழாய்க்குள் ஆசிட் ஊற்றினால் எல்லாம் கரைந்து ஓடிவிடும் என்றார். கரைந்து ஓடுவது அடைப்பா, குழாயா என்பதற்கு அவர் உத்தரவாதம் தரவில்லை. முதலில் வந்த பிளம்பர், பத்து நிமிஷம் பார்த்துவிட்டு, வீட்டுச் சுவர் முழுவதையும் வெட்டிப் புதுக் குழாய் பதிக்க வேண்டும் என்று ஒரு தொகை சொன்னார். அந்தத் தொகையைச் சென்னையில் இருக்கும் நம் தமையனாரிடம் டெலிபோனில் தெரிவித்தோம். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இவ்வளவு பணத்தை அந்தச் சுவருக்குள் போடுவானேன்? இடித்துவிட்டுச் சின்னதாக ஒரு வீடு கட்டிவிடலாம். அம்மாவுக்கும் சௌகரியமாக இருக்கும்" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அம்மா அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார். அன்று மாலை விளக்கேற்றிய பிறகு, வழக்கம்போல் அவர் திண்ணைக்கு வந்து உட்காரவில்லை. போய்ப் பார்த்தால், சாமான் அறையில் நின்று, ஈரச் சுவரைக் குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது போலத் தடவிக்கொண்டிருந்தார். "இதற்காகவா வீட்டை இடிப்பார்கள்?" என்று மட்டும் கேட்டார். குழாய் ரிப்பேர் என்பது அந்த நிமிஷத்திலிருந்து நம் வீட்டில் வெறும் குழாய் ரிப்பேராக இருக்கவில்லை.

இரண்டாவதாக வந்த பிளம்பர் அறுபது வயதைத் தாண்டியவர். பெரம்பலூரிலும் அரியலூரிலுமாக நாற்பது வருஷம் குழாய் வேலை பார்த்தவர். அவர் வந்தவுடன் சுத்தியலை எடுக்கவில்லை. வீட்டிலுள்ள குழாய்கள் எல்லாவற்றையும் மூடச் சொன்னார். மேல்தொட்டியில் தண்ணீர் நிற்கும் மட்டத்தில் கரிக்கோடு ஒன்று கிழித்தார். இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தபோது தண்ணீர் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. பிறகு தொட்டியின் அடியிலுள்ள வால்வையும் மூடிவிட்டு மறுபடியும் இரண்டு மணி நேரம் காத்திருந்தார். இந்தத் தடவை மட்டம் இறங்கவில்லை.

"தொட்டியில் கோளாறு இல்லை, சார். டேப்புகளிலும் இல்லை. நடுவில் சுவருக்குள்ளேதான் போகிறது" என்றார். ஒரு காசுச் செலவில்லாமல் பாதி நோய் நிச்சயமாகிவிட்டது! வீட்டுக்காரர் யாவரும் தாங்களே செய்து பார்க்கக்கூடிய இந்தச் சோதனையை, பத்து நிமிஷத்தில் எஸ்டிமேட் கொடுத்தவர் செய்யவில்லை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

அடுத்தபடியாகப் பெரியவர் ஒரு கேள்வி கேட்டார். "குழாய் சுவருக்குள் எந்த வழியாகப் போகிறது, சார்?"

வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. குழாய் பதித்தது 1984-ஆம் ஆண்டில். பதிப்பித்த தகப்பனார் காலமாகிவிட்டார். பதித்த கொத்தனார் எங்கே இருக்கிறாரோ! வீட்டுப் பத்திரத்தில் கிழக்கே யார் வீடு, மேற்கே எந்தத் தெரு என்பதெல்லாம் அட்சர சுத்தமாக எழுதியிருக்கிறது. வீட்டுக்குள்ளே தண்ணீர் ஓடும் வழியைப் பற்றி ஒரு வரி கிடையாது.

அப்பொழுது அம்மா கதவோரத்திலிருந்து பேசினார். "நேராக இறங்கவில்லை, தம்பி. அந்தச் சுவரின் நடுவில் ஒரு விளக்கு மாடம் இருந்தது. என் மாமியார் காலத்து மாடம். அதை உடைக்க வேண்டாம் என்று நான் சொன்னேன். அதனால் குழாயை இரண்டு முழம் கிழக்கே தள்ளி வளைத்துக்கொண்டு போனார்கள். பிற்பாடு கரண்டு விளக்கு வந்ததும் மாடத்தைப் பூசி மூடிவிட்டோம்."

பெரியவரின் முகம் மலர்ந்துவிட்டது. "வளைத்தார்கள் என்றால் அங்கே இரண்டு எல்போ இருக்கும், அம்மா. அதில்தான் கோளாறு" என்றார். அவர் விளக்கியது இதுதான்: இரும்புக் குழாய் துருப்பிடிக்காமலிருக்க அதன் மேல் துத்தநாகம் பூசுகிறார்கள். அதுவே ஜி. ஐ. குழாய். ஆனால் இரண்டு குழாய்களைச் சேர்ப்பதற்காக முனையில் மரை வெட்டும்போது, துத்தநாகப் பூச்சும் சேர்ந்து போய்விடுகிறது, இரும்பும் மெலிந்துவிடுகிறது. எனவே துரு முதன்முதலில் புகுவது மூட்டில்தான். மனிதருக்கும் அப்படியே என்று முன்னமே சொன்னோம்.

அம்மா காட்டிய இடத்தில் ஒரு சாண் சதுரம் வெட்டினார்கள். எல்போ ஈரத்தோடு பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. வீடு முழுவதும் வெட்ட வேண்டும் என்று சொல்லப்பட்ட சுவரில் வெட்டியது அவ்வளவுதான்.

அறுத்தெடுத்த குழாய்த் துண்டைப் பெரியவர் நம் கையில் கொடுத்தார். முக்கால் அங்குலக் குழாய். ஆனால் அதன் நடுவில் பென்சில் நுழையும் அளவுக்கே துவாரம் இருந்தது. மற்ற இடமெல்லாம் வெள்ளையும் பழுப்புமாக, மரத்தின் வயிரத்தைப் போல வளையம் வளையமாக ஒரு கல் படிந்திருந்தது. விட்டம் பாதியாகக் குறைந்தால் வாயின் பரப்பு நாலில் ஒன்றாகிவிடும் என்று வகுப்பில் எத்தனையோ தடவை கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறோம். அந்தக் கணக்கு நம் சமையலறையிலேயே நூல் நூலாக ஒழுகிக் கொண்டிருந்தது!

ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் நம் மகள் அந்தக் கல்லின் மேல் எலுமிச்சம் பழத்தைப் பிழிந்தாள். சிறு குமிழிகள் நுரைத்து எழுந்தன. "அப்பா! இது சுண்ணாம்புக் கல்!" என்று கூவினாள்.

சுண்ணாம்புக் கல்தான். அது எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல வேண்டுமானால், வாசகர்களைச் சில கோடி வருஷங்கள் பின்னால் அழைத்துப் போக வேண்டும். அரியலூரும் பெரம்பலூரும் சர்க்கார் கணக்கில் 1995 வரையில் திருச்சிராப்பள்ளி ஜில்லாவைச் சேர்ந்தவை. 2007 முதல் தனித்தனி ஜில்லாக்கள். அதற்கெல்லாம் நெடுங்காலத்துக்கு முன்னால், ஏறக்குறைய பதினொரு கோடி வருஷத்திலிருந்து ஆறரைக் கோடி வருஷம் வரையில், இந்தப் பக்கங்களில் பெரும்பகுதி கடலுக்கு அடியில் கிடந்தது. அந்தக் கடலில் வாழ்ந்து மடிந்த சங்கும் சிப்பியும் பவளமும் அடுக்கடுக்காகப் படிந்துதான் இங்குள்ள சுண்ணாம்புப் பாறைகள் உண்டாயின. சுருள் சுருளான அம்மோனைட் என்ற கடற்பிராணியின் கல்லுருவங்கள் இன்றும் இங்கே ஓடைக் கரைகளில் கிடைக்கின்றன. பெரம்பலூர் ஜில்லாவிலுள்ள சாத்தனூரில், அந்தக் கடலோரத்தில் புதையுண்டு கல்லாகிப்போன மரம் ஒன்று, 18 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கிறது. அதைப் பூகர்ப்ப சாஸ்திரியான எம். எஸ். கிருஷ்ணன் 1940-ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தார். அரியலூரைச் சுற்றி இத்தனை சிமெண்டுத் தொழிற்சாலைகள் நிற்பதும் அந்தக் கடல் வைத்துவிட்டுப் போன ஆஸ்தியினால்தான்.

மழைத்தண்ணீர் வானத்திலிருந்து இறங்கும்போதும் மண்ணுக்குள் புகும்போதும் கரியமில வாயுவைக் கொஞ்சம் கரைத்துக் கொள்கிறது. அந்த இலேசான புளிப்பு, பாறையிலுள்ள சுண்ணாம்பை அணு அணுவாகக் கரைத்துவிடும். அப்படிக் கரைந்த சுண்ணாம்பு கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் பளிங்கு மாதிரிதான் இருக்கும். ஆனால் அது ஆழ்குழாயின் வழியே மேலே வந்து, காற்றுப் பட்டோ சூடு பட்டோ கரியமில வாயுவை இழந்தவுடன், சுண்ணாம்பு மறுபடியும் கல்லாகிப் படிகிறது. வெந்நீர்த் தவலையின் அடியில் படிகிற வெள்ளைப் பொருக்கும் இதுவேதான். நம் வீட்டுப் பெண்மணிகள் அதைப் புளியைப் போட்டுத் தேய்த்துப் போக்குகிறார்களே, அதுவும் மகள் எலுமிச்சம் பழத்தால் செய்த அதே ரசாயன சாஸ்திரம்தான்!

குடிநீரில் இந்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லி கிராமுக்குள் இருப்பது நல்லது என்றும், வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக் கொள்ளலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. நம் கிணற்று நீரைச் சோதிக்கக் கொடுத்தோம். அது அந்த மேல்வரம்பையும் தாண்டி நின்றது. ஆக, நாற்பது வருஷமாக நாம் குழாயைத் திறந்தபோதெல்லாம், பழைய கடல் ஒன்று கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுக்குள் வந்து குடியேறிக்கொண்டிருந்தது.

இதிலே பெரிய வேடிக்கை, சுவரும் அதே கடல்தான். சுண்ணாம்புக் கல்லைச் சுட்டு, நீற்றி, மணலோடு குழைத்துப் பூசினால், அது காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சிப் பழையபடி கல்லாகிறது. பாட்டனார் கட்டிய சுவர் அவ்விதம் ஆனது. அது மெள்ள மூச்சு விடும் சுவர். ஈரத்தை உள்வாங்கி வெளியே விட்டுவிடும். வெட்டிய இடத்தைச் சிமெண்டு வைத்துப் பூச வந்த கொத்தனாரைப் பெரியவர் தடுத்துவிட்டார். "சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புதான் பூச வேண்டும். சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே நின்று சுவரைத் தின்றுவிடும்" என்றார். சிமெண்டு ஊரில் இப்படி ஒரு வார்த்தை சொல்வதற்குத் தைரியம் வேண்டும் அல்லவா?

குழாய் விஷயத்திலும் அவருடைய தீர்ப்பு தெளிவாக இருந்தது. பழைய குழாயைச் சுவருக்குள்ளேயே விட்டுவிட்டு இரண்டு முனையையும் அடைத்தார். புதிய குழாயைச் சுவருக்கு வெளியே, கண்ணுக்கும் கைக்கும் எட்டும்படி கிளிப் வைத்துக் கொண்டு போனார். சுண்ணாம்பு ஒட்டிக்கொள்ள எளிதில் இடம் கொடாத, துருவும் பிடிக்காத சி. பி. வி. சி. குழாய். வெயில் படுகிற இடத்தில் அதற்குப் பெயின்ட் அடித்தார். ஒவ்வொரு கிளைக்கும் தனி வால்வு வைத்தார். "பார்வைக்கு அழகாக இராதே?" என்று நம் மனைவி கேட்டாள். "அழகு வேண்டியதுதான், அம்மா. ஆனால் பத்து வருஷம் கழித்து வருகிற பிளம்பர், சுவரைக் கேட்காமல் குழாயையே கேட்டுக்கொள்ளலாம்" என்றார் அவர். மொத்தச் செலவு முதல் எஸ்டிமேட்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

இந்தக் கதை நம் வீட்டோடு முடிகிறதென்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்தில் ஃப்ளின்ட் என்ற நகரம் இருக்கிறது. 2014-ஆம் ஆண்டில் அந்த நகரத்துக்கு வந்துகொண்டிருந்த தண்ணீரைச் செலவு கருதி மாற்றி, ஃப்ளின்ட் ஆற்றுத் தண்ணீரை விட்டார்கள். குழாய் அரிக்காமலிருக்கச் சேர்க்க வேண்டிய மருந்தைச் சேர்க்கவில்லை. பழைய ஈயக் குழாய்களின் உட்புறத்தில் காப்பாக இருந்த படிவம் அரிபட்டுப் போய், ஈயம் தண்ணீரில் கலந்துவிட்டது. குழந்தைகளின் இரத்தத்தில் அது ஏறிற்று. அப்புறம் ஈயக் குழாய்களை மாற்றலாமென்று புறப்பட்டால், அவை எந்தெந்த வீட்டுக்கு அடியில் இருக்கின்றன என்பதே சரிவரத் தெரியவில்லை. விவரமெல்லாம் ஆயிரக்கணக்கான பழைய அட்டைகளில் எழுதிக் கிடந்தது. அதுவும் பல இடங்களில் உண்மைக்கு ஒத்துவரவில்லை. தோண்டித் தோண்டித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

உலகத்திலேயே செல்வம் மிகுந்த தேசத்தின் நகரமும், அரியலூரிலுள்ள பழைய ஓட்டு வீடும் ஒரே கேள்வியில் வந்து மாட்டிக்கொண்டதைப் பாருங்கள்! குழாய் எந்த வழியாகப் போகிறது? அந்த நகரத்துக்கு அதைச் சொல்ல ஓர் அம்மா இல்லை. நம் வீட்டுக்கு இருந்தார்.

இந்த எண்ணம் வந்த பிறகு மனத்தில் ஒரு பயமும் வந்தது. அம்மாவுக்கு வயது எழுபதைக் கடந்துவிட்டது. அவர் நினைவில் இருப்பது வேறெங்கும் எழுதப்படவில்லை. ஆகையால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளைப் பெரிய வெள்ளைத் தாளுடன் அம்மாவின் பக்கத்தில் உட்கார வைத்தோம். அம்மா சொல்லச் சொல்ல, அவள் வரைந்தாள். கிணற்றடியிலிருந்து கொல்லைக்குப் போகும் சாக்கடை, முற்றத்துக்கு அடியில் கல் மூடிப் புதைந்த பழைய மழைநீர்க் கால்வாய், தூர்த்துவிட்ட கிணறு. தூர்த்த கிணற்றின் மேல்தான் தமையனாரின் தொட்டில் கட்டிய கொட்டகை இருந்தது என்பதையும், மாமியார் கடைசி நாளில் தண்ணீர் கேட்டது எந்தக் குழாயடி என்பதையும் அம்மா இடையிடையே சொன்னார். மகள் அவற்றையும் ஓரத்தில் குறித்துக்கொண்டாள். பிளம்பருக்கு அவை பயன்படமாட்டா. ஆனாலும் அழிக்கச் சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

பொங்கலுக்குத் தமையனார் வந்தார். சாமான் அறையில் சுவர் காய்ந்திருந்தது. பூச்சை வெட்டியபோது வெளிப்பட்ட விளக்கு மாடத்தை மூடாமல் அப்படியே விட்டிருந்தோம். அதில் அம்மா ஓர் அகல் ஏற்றி வைத்திருந்தார். தமையனார் மாடத்தைப் பார்த்தார். சுவரைத் தொட்டுப் பார்த்தார். படத்தில் தம் தொட்டில் இருந்த இடத்தையும் பார்த்தார். வீட்டை இடிக்கும் பேச்சை அவர் எடுக்கவில்லை. "மேல்தொட்டிக்கு என்ன செலவாகும் என்று கேட்டு வை, அதையும் மாற்றிவிடலாம்" என்றார்.

பழைய வீடு வைத்திருக்கும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. சுவர் ஈரமானால் உடனே சுத்தியலைத் தேடாதீர்கள். முதலில் தொட்டியில் ஒரு கரிக்கோடு போடுங்கள். தண்ணீரைச் சோதிக்கக் கொடுத்து அதன் குணத்தை அறிந்து கொள்ளுங்கள். பிரதான வால்வு எங்கே இருக்கிறது என்பதை வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் காட்டி வையுங்கள். இவை எல்லாவற்றுக்கும் முன்னால், வீட்டில் வயதானவர் ஒருவர் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே அவர் பக்கத்தில் ஒரு தாளும் பென்சிலுமாக உட்காருங்கள். பழைய வீடு நிற்பது சுவரின் கனத்தினால் அன்று. அதற்குள் தண்ணீர் ஓடும் வழி தெரிந்தவர் ஒருவராவது இருக்கும் வரையில்தான் அது நிற்கிறது.